நோயைத் தமிழில் சொன்ன வைத்தியர் கிறீன்

யாழ்ப்பாணத்தில் கிறீன் என்றால் மானிப்பாய் ஆஸ்பத்திரிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குரிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து, 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இங்கு வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, பிறகு மானிப்பாய்.

நோயாளரைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாக்கினார். ஆனால், ஆங்கிலத்தில் படித்தவர்கள் வேலை தேடி வெளியிடங்களுக்குப் போனார்கள். அதனால் 1862 இல் இரண்டாம் முறை வந்தபின் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தமிழில் படித்தவர் ஊரோடு நிற்பார் என்பது அவருடைய கணக்கு. 60 பேருக்கு மேல் அவரிடம் படித்து வைத்தியரானார்கள்.

பாடநூல்களையும் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். ட்றூயிற் எழுதிய சத்திரசிகிச்சை நூல் 1867 இல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் வந்தது. கட்டிகளும் புற்றுநோயும் ட்றூயிற் எழுதியவற்றில் அடங்கும். அன்று கட்டியின் குணத்தைப் பெரும்பாலும் கண்ணும் விரலுமே சொல்லவேண்டியிருந்தது: மெல்ல வளர்கிறதா, தொட்டால் நகர்கிறதா, புண்ணாகி உடைகிறதா?

இன்றும் தோலில் வரும் சில அரிய கட்டிகள் புற்றுநோய் போலவே தோன்றி ஏமாற்றும். மயிர்க்காலில் கல்லுப்போல் இறுகும் கட்டி அப்படியானது. ஷெல் துண்டு தங்கிய இடத்தில் திரளும் கட்டியும் அப்படித் தோன்றலாம். மறுபுறம், ஆறாத பழைய காயத்தழும்பில் உண்மையான புற்றுநோயும் வரக்கூடும். சிறுதுண்டை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். போர்க்காயத்தோடு வாழ்பவர்கள் தழும்பில் மாற்றம் கண்டால் தாமதிக்கக்கூடாது.

கிறீன் 1873 இல் நாடு திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் மருத்துவ நூல்களுக்காக உழைத்தார். 1884 இல் காலமானார். தமிழருக்குப் பணிசெய்த மருத்துவர் என்றே தன் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவரது விருப்பம்.

மண்டைதீவிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போகும் ஒருவருக்கு இன்றும் பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. புற்றுநோய் இல்லை என்று அதில் எழுதியிருந்தாலும், யாராவது வாசித்துச் சொல்லும்வரை அந்த வீட்டில் நித்திரை இல்லை. தமிழில் விளக்கம் கேட்பது நோயாளியின் உரிமை. அப்படி விளக்கிச் சொல்ல முடியும் என்பதை 150 வருடங்களுக்கு முன்பே மானிப்பாய் காட்டிவிட்டது.