பைலட் எத்தனை மணி நேரம் பறக்கலாம்? கம்பெனிகளைக் கணக்குப் போட வைத்த டேவிட் பென்கி

2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அதை லேசில் மறக்க மாட்டார்கள். சென்னை உட்பட நாடு முழுக்க இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தாகின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல். காரணமாகச் சொல்லப்பட்டது, பைலட்களுக்கான புதிய ஓய்வு விதி. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகக் கூடியது. இரவு நேரத் தரையிறக்கங்களின் உச்சவரம்பு 6-லிருந்து 2 ஆகக் குறைந்தது. விதி வரப்போகிறது என்று முன்பே தெரியும். ஆனாலும் போதுமான பைலட்கள் கையில் இல்லை. கடைசியில் வளைந்துகொடுத்தது விதிதான். இரவுப் பணிக் கட்டுப்பாடுகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு மட்டும் பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. பைலட் சங்கங்கள் கொதித்தன.

ஒரு பைலட் எவ்வளவு நேரம் பறக்கலாம் என்று முடிவு செய்வது கம்பெனியா, சட்டமா? இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட நூறு வயசு. அமெரிக்காவில் இதைச் சட்டத்தின் பக்கம் இழுத்து வந்தவர் டேவிட் பென்கி. விமானத் துறைக்கு வெளியே பெரிதாகப் பேசப்படாத பெயர். பைலட்கள் மத்தியிலோ பெரிய பெயர்.

யார் இந்த பென்கி?

1897-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ராணுவத்தில் சேர்ந்து அங்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். முதல் உலகப் போர் முடிந்ததும் ஊர் ஊராகப் போய் வானில் வித்தை காட்டும் பிழைப்பு. சிகாகோ அருகே செக்கர்போர்டு ஃபீல்டு என்ற சிறிய விமானத் தளத்தை நடத்தினார். 1926-ல் சிகாகோ தடத்தில் தபால் விமானம் ஓட்டினார். நார்த்வெஸ்ட் ஏர்வேஸ் தொடங்கிய காலத்தில் அதன் முதல் பைலட்களில் ஒருவர். பிறகு போயிங் நடத்திய விமான நிறுவனத்துக்கு மாறினார். இன்றைய யுனைடெட் ஏர்லைன்ஸின் வேர்களில் ஒன்று அது.

அந்தக் காலத்துத் தபால் விமானி என்றால் ஹீரோ. சம்பளமும் நல்ல சம்பளம். ஆனால் திறந்த காக்பிட், வானிலைத் தகவல் அரைகுறை, பனிமூட்டத்திலும் தபால் போயாக வேண்டும் என்ற நெருக்கடி. போக மறுத்தால், போவதற்கு வேறொருவர் தயாராக இருப்பார். சக பைலட்களின் சாவுச் செய்தி வாடிக்கையாக வந்துகொண்டிருந்தது.

ஹோட்டல் அறையில் பிறந்த சங்கம்

1930-ல் பொருளாதாரப் பெருமந்தம். கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைந்தன, சம்பளத்தில் கை வைத்தன. 1931 ஜூலை 27 அன்று சிகாகோவின் மாரிசன் ஹோட்டலில், பல நிறுவனங்களைச் சேர்ந்த 24 பைலட்கள் ரகசியமாகக் கூடினார்கள். தெரிந்தால் வேலை போய்விடும். ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ஆல்பா, அன்று உருவானது. பென்கி தலைவர்.

பென்கிக்கு முதல் சிக்கல் முதலாளிகள் இல்லை, சக பைலட்கள்தான். நாங்கள் கேப்டன்கள், தொழிலாளிகள் கிடையாது என்ற நினைப்பு பலருக்கு இருந்தது. சங்கம் என்றால் சுரங்கத் தொழிலாளிக்கும் ஃபேக்டரி ஆட்களுக்கும்தான் என்ற எண்ணம். (இன்று ஐடி கம்பெனிகளில் யூனியன் பேச்சு எடுத்தால் வருகிற அதே பதில்!) பென்கி அதைக் காதில் வாங்கவில்லை. அதே ஆண்டில் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்-லோடு ஆல்பாவை இணைத்தார். விமானியின் பெருமை எல்லாம் சரி, பேரம் பேச உட்காரும்போது பின்னால் ஆள்பலம் வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு 1932 பிப்ரவரியிலேயே சோதனைக்கு வந்தது. கார் தயாரிப்பில் கொழித்த தொழிலதிபர் ஈ.எல்.கார்டின் செஞ்சுரி ஏர் லைன்ஸில் சம்பளத்தைக் கடுமையாக வெட்டினார்கள். பைலட்கள் வேலையை நிறுத்தினார்கள். நிறுவனம் கருங்காலிகளை அமர்த்தி விமானங்களை ஓட்டிப் பார்த்தது. கார்டின் குறி, அரசுத் தபால் ஒப்பந்தம். பென்கி அடித்தது அந்த இடத்தில்தான். போர்க்கால விமானியாகவும் இருந்த காங்கிரஸ் உறுப்பினர் ஃபியோரெல்லோ லா கார்டியா, பைலட்களுக்காக நாடாளுமன்றத்தில் பேசினார். நியூயார்க்கில் ஒரு ஏர்போர்ட்டுக்குப் பெயராக நிற்கிறாரே, அவர்தான். தபால் ஒப்பந்தக் கனவு கலைந்தது. சில வாரங்களில் கார்டு செஞ்சுரியைக் கைமாற்றிவிட்டார்.

மணிக்கா, மைலுக்கா?

பென்கியின் உண்மையான சாதனை அடுத்து வந்தது. 1933-ல் போயிங் 247, அடுத்து டக்ளஸ் டிசி-2 என்று வேகமான விமானங்கள் வந்துவிட்டன. உடனே கம்பெனிகள் மணிக்கணக்கில் மட்டும் சம்பளம் தரத் துடித்தன. ஏன்? 5 மணி நேரம் எடுத்த தூரத்தைப் புது விமானம் 3 மணி நேரத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தூரம், கூடுதல் பயணிகள், ஆனால் பைலட்டுக்கு 2 மணி நேரச் சம்பளம் காலி. பழைய சம்பளம் வேண்டுமென்றால் இன்னும் அதிக நேரம் பறந்தாக வேண்டும். டெக்னாலஜியால் வரும் லாபம் மொத்தமும் முதலாளிக்கு, களைப்பு மொத்தமும் பைலட்டுக்கு.

பென்கி வழக்கை தேசியத் தொழிலாளர் வாரியத்துக்குக் கொண்டுபோனார். 1934 மே மாதம் வந்த அந்தத் தீர்ப்புக்கு முடிவு எண் 83 என்று பெயர். அடிப்படைச் சம்பளம், விமானத்தின் வேகத்தைப் பொறுத்து ஏறும் மணிநேரப் படி, அதற்கு மேல் பறந்த மைலுக்கும் ஒரு தொகை. முக்கியமாக, மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது.

இதற்கு நடுவில் அவர் ஒரு அரசியல் சூதாட்டமும் ஆடினார். 1934 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்து, வேலையை ராணுவத்திடம் கொடுத்தார். பனியிலும் இருட்டிலும் ராணுவ விமானிகள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒப்பந்தம் போனதால் தங்கள் வேலையும் போகும் என்று சங்க உறுப்பினர்களே கடுப்பில் இருந்தார்கள். பென்கி மட்டும் ரூஸ்வெல்ட் பக்கம் நின்றார். அந்த ஆண்டு வந்த விமானத் தபால் சட்டத்தில், ஒப்பந்தம் வேண்டும் கம்பெனி முடிவு எண் 83-ஐ ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெற்றது. 1936-ல் ரயில்வேத் தொழிலாளர் சட்டம் விமான ஊழியர்களுக்கும் விரிந்தது. 1938-ன் சிவில் விமானச் சட்டத்திலும் அந்தச் சம்பள விதி தொடர்ந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆல்பா அந்தக் காலத்தில் வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. பென்கியின் ஒற்றுமைக்கு நிறம் இருந்தது.

சொந்தச் சங்கமே வெளியேற்றியது

1946-ல் டி.டபிள்யூ.ஏ ஸ்ட்ரைக், 1948-ல் நேஷனல் ஏர்லைன்ஸில் சுமார் பத்து மாதம் நீண்ட ஸ்ட்ரைக் என்று சங்கம் வளர்ந்தது. பென்கி வளரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாக் கோப்பும் தன் மேஜைக்கு வர வேண்டும், எல்லா ஒப்பந்தத்தையும் தானே பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம். வேலைகள் தேங்கின, ஒப்பந்தங்கள் இழுத்தடித்தன. மற்றவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வாங்கிக் கொடுத்தவர், தன் வேலைக்கு வரம்பே வைத்துக்கொள்ளவில்லை.

1951-ல் சங்கத்தின் பிரதிநிதிகள் அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். கிளாரன்ஸ் சேயன் அந்த இடத்துக்கு வந்தார். பென்கி விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். அங்கேயும் தோற்றார். 1953-ல், அறுபதைத் தொடாமலே, இறந்துபோனார்.

அதன் பிறகு?

அவர் கட்டியது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1978-ல் அமெரிக்கா விமானத் துறையில் கட்டுப்பாடுகளை நீக்கியது. 1981-ல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஸ்ட்ரைக் செய்து 11,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தபோது, ஆல்பா பைலட்கள் விமானங்களை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அடி அவர்கள் வாசலுக்கும் வந்தது. 1983-ல் கான்டினென்டல் நிறுவனம் திவால் மனு போட்டு, ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்து, சம்பளத்தைப் பாதியாக வெட்டியது. ஸ்ட்ரைக் 1985 வரை ஓடித் தோற்றது.

2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் பலியானார்கள். விசாரணையில் துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் வெளியே வந்தது: சுமார் 16,000 டாலர். வேலையில் ஏறுவதற்காக முந்தைய இரவு முழுக்க நாட்டின் இன்னொரு கோடியிலிருந்து பயணியாகப் பறந்து வந்தவர் அவர். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 2014 ஜனவரியில் அமெரிக்காவில் புதிய ஓய்வு விதி நடைமுறைக்கு வந்தது.

அந்த விதியின்படி ஒரு பைலட் ஆண்டுக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம் பறக்கலாம். இந்தியாவிலும் அதே 1,000தான். பென்கி 1934-ல் வாங்கிய 85 மணி நேரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,020 வருகிறது.