மார்க் ஆர்மண்ட் ரஃபர்

சர் மார்க் ஆர்மண்ட் ரஃபர் (1859 - 1917) பிரான்சில் பிறந்த பிரித்தானிய மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். எகிப்திய மம்மிகளில் ஒட்டுண்ணியின் முட்டைகளைக் கண்டறிந்து, தொல்நோயியல் என்ற துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

ரஃபர் லியோன் நகரில் பிறந்தார். ஆக்சுபோர்டிலும் லண்டனிலும் கல்வி பயின்றபின், பாரிசு பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். லண்டனில் 1891 இல் தொடங்கப்பட்ட பிரித்தானிய நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். அங்கு தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தை ஆராய்கையில் அந்நோயே அவரைத் தாக்கியது. அதனால் ஏற்பட்ட பக்கவாதத்திலிருந்து உடல் தேற எகிப்து சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். 1896 இல் கெய்ரோ மருத்துவப் பள்ளியில் நுண்ணுயிரியல் பேராசிரியரானார். பின்னர் எகிப்தின் துறைமுக நோய்த்தடுப்பு மன்றத்திற்குத் தலைமை தாங்கி, வாந்திபேதி போன்ற கொள்ளைநோய்களைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டார்.

மம்மி ஆய்வுகள்

மம்மிகளின் திசுக்கள் உலர்ந்து எளிதில் நொறுங்குபவை. அவற்றை நீர், மதுசாரம், சோடியம் கார்பனேட்டு ஆகியவை கலந்த கரைசலில் ஊறவைத்து மென்மையாக்கி, மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்நோக்கியில் காணும் முறையை ரஃபர் உருவாக்கினார். இக்கரைசல் அவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது.

எகிப்தின் இருபதாம் வம்சத்தைச் சேர்ந்த இரு மம்மிகளின் சிறுநீரகங்களில் சிசுடோசோமா என்னும் புழுவின் சுண்ணமேறிய முட்டைகளைக் கண்டதாக 1910 இல் அறிவித்தார். சிறுநீரில் இரத்தம் போகச் செய்யும் இந்நோய் நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவுகிறது. நத்தையிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள், நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உடலினுள் புகுகின்றன. நைல் ஆற்றையும் கால்வாய்களையும் நம்பி வாழ்ந்த மக்களுக்கு உணவளித்த நீரே நோயையும் தந்தது என்பதற்கு இம்முட்டைகள் நேரடிச் சான்றாயின. ரஃபரின் காலத்தில் எகிப்திய உழவர்களை வருத்திய இந்நோய், சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன்னரும் அங்கு இருந்தது உறுதியானது.

மம்மிகளின் தமனிகள் தடித்திருந்ததையும் 1911 இல் விளக்கினார். தமனித் தடிப்பு தற்கால வாழ்க்கைமுறையால் மட்டும் வருவதன்று என்பதை இது காட்டியது.

மறைவு

முதல் உலகப் போரின்போது கிரேக்க நாட்டின் சலோனிக்காவில் சுகாதாரப் பணிகளைச் சீரமைக்கச் சென்றார். 1917 இல் திரும்பி வருகையில், அவர் பயணம் செய்த கப்பல் நீர்மூழ்கிக் குண்டால் தாக்கப்பட்டு மூழ்கியதில் உயிரிழந்தார். அவரது கட்டுரைகளை ராய் மூடி தொகுக்க, அவை 1921 இல் நூலாக வெளிவந்தன.

1990 இல் பிற ஆய்வாளர்கள் மம்மித் திசுக்களில் இதே ஒட்டுண்ணியின் வேதித் தடயங்களைக் கண்டறிந்தனர். முட்டைகள் தென்படாத உடல்களிலும் நோயைத் தேட இதனால் வழி பிறந்தது.