எமனுக்கு எதிர்நின்ற சொல்
தவத்திரு சங்கரதாச சுவாமிகள் வரலாறு

தென்பாண்டி நாட்டுத் திருக்கோயில்களில் விழாக் கொடி ஏறிவிட்டால், ஏதேனும் ஓர் இரவு நாடகத்துக்கென்று ஒதுக்கப்படுவது நெடுநாள் வழக்கம். அவ்விரவின் செலவைத் தம் கட்டளையாக ஏற்றுக்கொள்ளும் அன்பர்களும் உண்டு. வள்ளி திருமணமோ, பவளக்கொடியோ, சத்தியவான் சாவித்திரியோ விடியும் வரையில் நடைபெறும். பாடுகின்றவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிற கூட்டம், அவர் பாடும் பாட்டை ஆக்கித் தந்தவரை நினைப்பது அரிது. அப்பாட்டுக்களை ஆக்கித் தந்தவரே நாடகத் தமிழுலகின் ஆசிரியராகப் போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாச சுவாமிகள்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப் பிள்ளை இராம காதையை நயம்படச் சொல்ல வல்லவர். ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தனர். ஆகவே அசோகவனத்துச் சீதையின் துயரும், அத்துயரிடையே அவள் அணையாமற் காத்த நம்பிக்கையும் இளமையிலேயே இவர் செவியிற் படிந்திருத்தல் வேண்டும். பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். வெண்பாவும் கலித்துறையும் சந்த விருத்தமும் அவருக்குக் கைவந்தன. ஆயினும் வயிற்றுப்பாட்டுக்கு அமைந்தது உப்புப் பண்டகசாலைக் கணக்குவேலை. அந்தக் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஏறத்தாழ இருபத்துநான்காம் வயதில் நாடகத்துறை புகுந்தார்.

அந்நாளில் அவர் நடிகராகவும் விளங்கினார். எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் ஆகிய கொடுந்தோற்றப் பாத்திரங்களே அவருக்குப் பொருந்தின. ஓங்கிய உருவமும் இடிபோன்ற குரலும் அவற்றுக்குத் துணை நின்றன. நாடகத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்த வேகத்தைக் கண்டு, கூட்டத்திலிருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கருச் சிதைந்தது என்பது ஒன்று. நளன் கதையில் சனீசுவர வேடம் புனைந்த அவர், வைகறையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குச் சென்றபோது, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அவரைக் கண்ட அச்சத்தால் உயிர் நீத்தாள் என்பது மற்றொன்று. ஒரு கலைஞனின் ஆற்றலுக்குச் சான்றாக இவற்றை எடுத்துச் சொல்வார் பலர். சுவாமிகள் அவ்வாறு கொள்ளவில்லை. தம் வேடத்தால் பெண்ணுக்கு இன்னல் நேர்ந்ததை அவர் உள்ளம் தாங்கவில்லை. அன்றோடு அரிதாரம் பூசுவதை விட்டார். நடிகர் என்னும் புகழை அவர் துறந்ததே அவருடைய பிற்கால வாழ்வுக்கு வாயிலாயிற்று.

சில காலம் துறவு மனப்பான்மை மேலிட்டுத் திருத்தலங்களை வழிபட்டு நடந்தார். சுவாமிகள் என்னும் பெயர் நிலைத்தது அதன் பின்னரே. இல்லற வாழ்வை அவர் மேற்கொள்ளவே இல்லை. புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை அன்போடு ஏற்றுத் தம்முடன் இருத்திக்கொண்டார். தாள நுட்பங்களைச் சுவாமிகள் ஆழ்ந்து கற்றது அங்கேதான். மீண்டும் நாடக உலகுக்கு அவர் திரும்பியதும் அப்பெரியாரின் தூண்டுதலாலேயாம். அத்தூண்டுதல் இல்லாதிருந்தால் ஒரு துறவி கிடைத்திருப்பார். தமிழ் நாடகம் தன் ஆசிரியரை இழந்திருக்கும்.

நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை அவர் இயற்றினார். அவற்றின் பெயர்களைப் பார்த்தாலே ஓர் உண்மை விளங்கும். சாவித்திரி, அனுசூயை, சுலோசனை, நல்லதங்காள், அல்லி, பவளக்கொடி, வள்ளி, மணிமேகலை எனப் பெண்களின் வரிசையே முன் நிற்கிறது. மனையறியாத அந்தத் துறவி, பெண்கள் படும் பாட்டையும் அதனைக் கடக்க அவர்கள் கைக்கொள்ளும் உறுதியையும் இவ்வளவு விரிவாக எழுதியது வியப்புக்குரியது.

இவற்றுள் சாவித்திரி கதையைச் சற்று நின்று காண வேண்டும். இக்கதையின் ஊற்று மகாபாரதத்தின் வன பருவம். திரௌபதி சயத்திரதனாற் கவரப்பட்டு மீட்கப்பட்ட பின்னர், மனம் நொந்த தருமனுக்கு ஆறுதலாக மார்க்கண்டேய முனிவர் உரைத்தது இது. துன்புற்ற ஒரு பெண்ணின் பொருட்டு, துன்பத்தை வென்ற மற்றொரு பெண்ணின் வரலாறு சொல்லப்பெற்றது என்பது கருதத்தக்கது. சத்தியவானுக்கு ஓராண்டே ஆயுள் என்பதை நாரதர் வாயிலாக அறிந்தும் சாவித்திரி அவனையே மணக்கிறாள். நாடிழந்து கண்ணிழந்த மாமனோடு காட்டிலே வாழ்கிறாள். அந்த ஓராண்டில் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டு, எவரிடமும் வாய்விடாமல் பணிவிடை செய்தவள் அவள். எமன் எதிர்ப்படும் நாளினும் இந்த ஓராண்டே கொடியது என்று சொல்லலாம்.

எமன் உயிரைக் கொண்டு தென்திசை நடக்கிறான். சாவித்திரி பின்தொடர்கிறாள். அவளிடம் படையில்லை, மந்திரமும் இல்லை. அறநெறி கூறும் சொல் ஒன்றே உண்டு. அச்சொல்லுக்கு மகிழ்ந்து, கணவன் உயிர் நீங்கலாக எதையும் கேள் என்கிறான் எமன். மாமனுக்குக் கண் கேட்கிறாள். அவனிழந்த நாட்டைக் கேட்கிறாள். தன் தந்தைக்கு நூறு புதல்வர் வேண்டுகிறாள். முடிவில் சத்தியவானால் தனக்கும் நூறு புதல்வர் வேண்டுகிறாள். கொடுத்துவிட்ட பின்னரே கொடுத்தது இன்னதென்று எமன் உணர்கிறான். இந்த வழக்காடலைச் சுவாமிகள் தர்க்கப் பாட்டுக்களாக விரித்து அமைத்தார். எமனும் பாடுவான், சாவித்திரியும் விடை பாடுவாள். ஒருவர் எடுத்ததை ஒருவர் மடக்குவர். ஒரு காலத்தில் எமனாக வந்து கருவுற்றவளை நடுங்கவைத்த அதே புலவர், எமனை நின்று கேட்கச் செய்யும் சொல்லைப் பெண்ணின் நாவிலே வைத்தார்.

மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் காராமணி சேர்த்த அடையும் உருகாத வெண்ணெயும் படைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு காரடையான் நோன்பு நோற்கும் மகளிர் இன்றும் சாவித்திரியையே நினைக்கின்றனர். நோன்பிலே நினைத்தவளை அவர்கள் மேடையிலே நேரிற் கண்டபோது உற்ற ஆறுதல் சிறிதன்று.

இலவகுசா நாடகத்தில் கருவுற்ற நிலையில் கைவிடப்பட்ட சீதை வருகிறாள். வான்மீகி முனிவரின் குடிலில் இரு மக்களைப் பெற்று வளர்த்து, தந்தையின் புகழையே அவர்கள் பாடும்படி ஆளாக்குகிறாள். வள்ளியோ, குழியிலே கண்டெடுக்கப்பட்டு வேடர் குடியில் வளர்ந்தவள். தினைப்புனத்துப் பரண்மேல் நின்று வேடனையும் கிழவனையும் சொல்லால் மறுத்துத் தன் முருகனுக்காகக் காத்திருப்பவள். கேட்போர் மிகச் சுவைத்தது இந்த வள்ளியின் தர்க்கமே.

எல்லாக் கதையும் வெற்றியில் முடிவதில்லை. பஞ்சம் பிழைக்க ஏழு மக்களோடு அண்ணன் ஊர் தேடிவந்த நல்லதங்காள், அண்ணியின் கொடுமையால் மக்களைக் கிணற்றில் இட்டுத் தானும் வீழ்ந்தாள். வத்திராயிருப்பை அடுத்த அருச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் உண்டு. உயிரோடிருந்தபோது ஒரு பிடி சோறு கிடைக்காதவளுக்கு ஊரார் பின்னர்ப் படையல் இடுகின்றனர். இக்கதையையும் சுவாமிகள் மறைக்காமல் மேடைக்குக் கொண்டுவந்தார். பசித்து வந்த பெண்ணுக்குக் கதவடைத்த குடும்பங்கள் அன்றைய கூட்டத்திலும் இருந்திருக்கலாம் அன்றோ!

நடிகர்கள் எழுதியதைப் பாடாது தம் மனம்போனபடி பேசுவதைச் சுவாமிகள் பொறுப்பதில்லை. ஆதலால் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்த முற்பட்டார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் தோன்றின. தி. க. சண்முகமும் அவருடைய உடன்பிறந்தாரும் இச்சபையிலேதான் பயின்றனர். அபிமன்யு சுந்தரி நாடகத்தை முழுவதும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை அவர் மாணாக்கர்கள் வியந்து போற்றுவர். பெண் வேடங்களையும் அச்சிறுவர்களே தாங்கினர். தாயை விட்டுப் பிரிந்து வந்த பிள்ளைகள், சீதையாகவும் சாவித்திரியாகவும் நின்று தாய்மாரை அழவைத்தனர்.

பின்னாளில் பெண்மணிகளே அப்பாத்திரங்களை ஏற்றனர். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் வறுமையின் பொருட்டுச் சிறுவயதிலேயே மேடையேறியவர். வள்ளியாக அவரும் வேலனாக எஸ். ஜி. கிட்டப்பாவும் பாடியதை நாடு கேட்டு உருகிற்று. 1933இல் கிட்டப்பா இளவயதிலேயே மறைந்தார். இருபத்தைந்து வயதில் வெள்ளாடை பூண்ட அம்மையார், ஆடவரோடு இணை சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். ஆயினும் பாட்டை விடவில்லை. 1953இல் ஒளவையார் படத்தில் தமிழ்மூதாட்டியாகத் தோன்றி, 1980இல் மறையும் வரையில் முருகனைப் பாடியே வாழ்ந்தார்.

இந்தப் பெருமைகளைக் காணச் சுவாமிகள் இருக்கவில்லை. 1921இல் சென்னையில் சபை தங்கியிருந்தபோது பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. கையும் காலும் முடங்கின, நாவும் தளர்ந்தது. எத்தனையோ பேருக்குச் சொல் கொடுத்த புலவர் பேச முடியாமற் கிடந்தார். எனினும் சபையை விட்டு அகலவில்லை. தாம் வளர்த்த பிள்ளைகள் செல்லும் ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றார். புதுச்சேரியில் சபை நாடகம் நடத்திவந்த காலத்தில், 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் ஆவி பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அவர் திருமேனி அடக்கம் செய்யப்பெற்றது. ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அவ்விடம் சென்று மாலை சாத்தி, அவர் இயற்றிய பாடல்களையே பாடி வணங்கி வருகின்றனர்.