சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853 – 1924)

இன்று இலங்கை நிருவாக சேவையில் சேர விரும்பும் பட்டதாரி போட்டிப் பரீட்சை எழுதுகிறார். உக்குவளையில் படித்தவருக்கும் கொழும்பில் படித்தவருக்கும் வினாத்தாள் ஒன்றுதான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நிலை அவ்வாறு இருக்கவில்லை. அக்காலத்தில் நாட்டை நடத்திய இலங்கை சிவில் சேவையின் உயர் பதவிகளில் இருந்தோர் பெரும்பாலும் ஆங்கிலேயர். உள்நாட்டவர் சிலர் தேசாதிபதியின் நியமனத்தால் உள்ளே வந்தனர். திறந்த போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து அச்சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். ஆண்டு 1875.

அருணாசலம் 1853 செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை பொன்னம்பலம் முதலியார். தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமி. அண்ணன் சேர் பொன். இராமநாதன். பரீட்சையில் இவ்விருவரையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழப்போர் ஆண்டுதோறும் உள்ளனர். 1911இல் படித்த இலங்கையர் தொகுதியில் வென்றவரும், 1915 கலவரத்தின் பின் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவரும் அண்ணன். சிவில் சேவையும் தேசிய காங்கிரஸும் தம்பிக்குரியவை.

இன்றைய றோயல் கல்லூரியான கொழும்பு அக்கடமியில் கற்ற அருணாசலம், புலமைப்பரிசில் பெற்று கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். சட்டம் பயின்று பாரிஸ்டரும் ஆனார். வழக்கறிஞராக வாழ்வதே அவரது விருப்பம். மாமனின் வற்புறுத்தலினாலேயே சிவில் சேவைப் பரீட்சைக்குத் தோற்றினார்.

பரீட்சை வாசலைத் திறந்ததே தவிர, உள்ளே எல்லா அறைகளையும் திறந்துவிடவில்லை. மாகாணங்களை ஆளும் அரசாங்க அதிபர் பதவிகள் ஐரோப்பியருக்கே ஒதுக்கப்பட்டவை போல இருந்தன. இலங்கையர் பெரும்பாலும் நீதிப் பக்கத்திலேயே நிறுத்தப்பட்டனர். அருணாசலமும் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் ஊர் ஊராகப் பணியாற்றினார். 1887இல் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், சேவை மூப்பில் முன்னிருந்த பலரைக் கடந்து இவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். அது பலருக்குப் பிடிக்கவில்லை.

வழிகாட்டி நூல்கள் பலவும் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிச் சென்று 1919இல் நிற்கின்றன. இது சரியல்ல என்பது என் கருத்து. பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்திலேயே பிறப்பும் இறப்பும் விவாகமும் காணி உறுதியும் பதிவாகின்றன. ஒரு காணி உறுதி பதியப்படாமல் கிடந்தால், அதே காணியை இன்னொருவருக்கு விற்றுவிடலாம். ஏழை கமக்காரன் நீதிமன்றம் ஏறி இறங்கியே அழிந்துபோவான். அருணாசலம் பொறுப்பேற்றபோது அத்திணைக்களத்தில் தாமதமும் ஒழுங்கீனமும் மலிந்திருந்தன. அவர் ஆவணங்களை ஒழுங்குபடுத்தி, பதிவுகளைத் தேடி எடுக்கும் முறையைச் சீராக்கினார். கடனில் தவித்த இலிகிதர்களின் நலனிலும் அக்கறை காட்டினார். பத்திரிகைகளில் பெரிய செய்தியாகும் வேலை அல்ல இது. ஆயினும் நாம் பாடசாலை அனுமதிக்குப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு செல்லும்போது, அவர் செப்பனிட்ட அதே திணைக்களத்தின் தாளைத்தான் கொண்டு செல்கிறோம்.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக்கும் அவரே அத்தியட்சகர். இலங்கையின் சனத்தொகை அவ்வாண்டில் சுமார் 35 இலட்சத்து 66 ஆயிரம். வெறும் எண்ணிக்கை அட்டவணைகளோடு அவர் நிறுத்தவில்லை. மக்களின் இனம், மொழி, சமயம், வரலாறு ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வரலாற்று மாணவர் இன்றும் அதைப் புரட்டுகின்றனர். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிப்பு அப்போது இல்லை. அது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேயே வந்தது.

1906இல் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் எனக் கோரும் சங்கத்தை நிறுவினார். அதன் பயனாக 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாயிற்று. சட்டநிர்வாக சபையின் உறுப்பினராகவும் பணியாற்றி 1913இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்பது பெயருக்குத்தான். 1915இல் சமூக சேவைக் கழகத்தையும், 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தையும் தோற்றுவித்தார். 1919 டிசெம்பர் 11ஆம் திகதி உருவான இலங்கைத் தேசிய காங்கிரஸுக்கு அவரே முதல் தலைவர். சிங்களவரும் தமிழரும் ஒரே மேடையில் அமர்ந்து சுயாட்சி கோரினர்.

எமது பிரதேச மாணவர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் ஏராளம். பிழைத்தோரைத் தோட்டத்தில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் காத்திருந்தது. அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறைத்தண்டனை. பெரிய கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறி, தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளியோடு கூடவே சென்றது. கொழும்பின் செல்வக் குடும்பத்தில் பிறந்த அருணாசலம் இதை எதிர்த்து எழுதினார், பேசினார். 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் அமைத்தார். அக்கால அரசியல்வாதிகளில் தோட்டத் தொழிலாளிக்காகப் பேசியோர் மிகச் சிலரே. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் அச்சிறைத்தண்டனையை நீக்கியது. துண்டு முறையும் ஒழிந்தது.

அதே 1921ஆம் ஆண்டு அவருக்குப் பெரும் மனக்கசப்பையும் தந்தது. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவளிப்பதாகக் காங்கிரஸ் அமைவதற்கு முன் சிங்களத் தலைவர்கள் எழுத்தில் உறுதி தந்திருந்தனர். தேர்தல் வந்தபோது அது நிறைவேறவில்லை. கொழும்பு நகர ஆசனத்துக்கு ஜேம்ஸ் பீரிஸ் நிறுத்தப்பட்டார். தாம் கட்டிய காங்கிரஸிலிருந்து அருணாசலம் வெளியேறினார். 1923இல் இலங்கைத் தமிழர் கழகத்தை அமைத்தார். ஓர் ஆசனத்துக்காகப் பிரிந்தாரா என்று கேட்போர் உண்டு. எழுத்தில் தந்த உறுதியை நம்பிக் காங்கிரஸில் தம் மக்களைச் சேர்த்தவர் அவர். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

1924 ஜனவரி 9ஆம் திகதி, தலயாத்திரை சென்றிருந்த வேளையில், மதுரையில் காலமானார். 1930இல் கொழும்பில் சட்டநிரூபண சபைக் கட்டட வளவில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. அவர் பரீட்சை எழுதி நுழைந்த சிவில் சேவை 1963 மே 1ஆம் திகதி கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் நிருவாக சேவை வந்தது.