ரொட்டித் துணுக்குகளைத் தேடிய குழந்தைகள்

மாண்டிசோரி பள்ளி என்னும் பெயர்ப்பலகையை இன்று சிற்றூர்களில்கூடக் காண்கிறோம். கட்டணத்தைக் கேட்டதும் நம்மில் பலர் திரும்பி வந்துவிடுகிறோம். அந்தக் கல்விமுறையின் தொடக்கம் ஒரு மனநலக் காப்பகம் என்பதை நாம் அதிகம் அறிந்ததில்லை.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு இத்தாலியின் கியாரவல்லே ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1896-இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது நகரின் காப்பகங்களுக்குச் சென்றுவந்தார். அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஒரு வெற்றறையில் அடைக்கப்பட்டிருந்தனர். உண்டு முடித்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதாகப் பராமரிப்பாளர் அருவருப்புடன் சொன்னாராம். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட, உருட்ட, பிடிக்க அங்கே வேறு ஒரு பொருளும் இல்லை.

பிரான்சு நாட்டு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். தம் கைப்படவே இத்தாலிய மொழியில் எழுதிக்கொண்டார். 1900-இல் இத்தகைய குழந்தைகளுக்கான பள்ளியொன்றை மருத்துவர் மோந்தசானோவுடன் சேர்ந்து நடத்தினார். மரத்தில் செய்த எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவித் தடவிக் கற்றனர். அவர்களுள் சிலர் மற்றப் பிள்ளைகளுடன் பொதுத்தேர்வு எழுதித் தேறியபோது ஊரே வியந்தது. மரியாவுக்கோ வேறு கவலை: நல்ல உடல்நலமுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் எப்படி இவ்வளவு பின்தங்க வைத்தன? 1907, திருக்காட்சிப் பெருவிழா நாளில், சான் லொரென்சோ என்னும் ஏழைகள் பகுதியில் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார்.

பிள்ளை பேசவில்லை, உட்காரவில்லை என்று தவிக்கும் தாயிடம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மூளை மிக வேகமாக வளரும் முதல் சில ஆண்டுகள் அப்படியே கழிந்துவிடுகின்றன. இன்று பல அரசு மருத்துவமனைகளில் இதற்கெனவே ஆரம்பகாலப் பயிற்சி மையங்கள் உள்ளன. கோவிலில் ஆறுதல் சொல்லும் நாம் அந்த முகவரியையும் சொல்லலாமே!

1898-இல் பிறந்த தம் மகன் மாரியோவை மரியாவால் உடன் வைத்து வளர்க்க முடியவில்லை. திருமணத்திற்கு வெளியே பிறந்த குழந்தை; வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். அவர் சுமந்த அந்த வலியை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1939-இல் அவர் சென்னை வந்தபோது அதே மகன் உடன் வந்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கிய மரியா, 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் இறந்தார். நோர்ட்விக் ஊரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.