விஷபேதியின் நஞ்சைக் கண்ட சம்புநாத தே

வாந்திபேதியை விஷபேதி என வழங்குதல் நம் நாட்டுப் பழைய வழக்கு. பண்ருட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களின் முதியோர் வாயிலும் அச்சொல்லைக் கேட்கலாம். அச்சத்தினால் இட்ட பெயரென்றே கற்றோர் பலரும் அதனைக் கொள்வர். அப்பெயர் முற்றிலும் மெய்யென ஆய்வினால் நிலைநாட்டியவர் வங்க நாட்டு மருத்துவ அறிஞர் சம்புநாத தே ஆவர்.

இப்பெரியார் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கரிபாடி என்னும் சிற்றூரில் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் தோன்றினார். பிறந்த குடி செல்வக்குடி அன்று. உதவிச் சம்பளம் பெற்றே கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் புகுந்து, 1939-இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் மாநகரஞ் சென்று, சர் ராய் கேமரன் என்னும் பேராசிரியரிடம் நோய்க்குறியியல் பயின்று, 1949-இல் டாக்டர் பட்டத்துடன் மீண்டார். ஆங்கு அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று நுரையீரலில் நீர் கோத்தல். உடலினுள் நீர் கசிந்து தேங்குவது எவ்வாறு என்னும் வினா அன்று முதலே அவர் உள்ளத்தில் ஊன்றியது போலும்.

அந்நாளிற் கல்கத்தாவோ வாந்திபேதியின் உறைவிடம். ஜெர்மானியப் பேரறிஞர் ராபர்ட் கோக் அந்நகருக்கு வந்தே அந்நோய்க் கிருமியைப் பற்றிய தம் முடிபை 1884-இல் உறுதி செய்தார். அக்கிருமி நஞ்சொன்றைச் சுரத்தல் கூடும் என்பதும் அவர் கருத்து. எனினும் எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்நஞ்சை ஐயமறக் காட்டினார் இலர். ஆய்வாளருட் பலர் அதனை விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். கிருமி மடிந்து சிதைந்தாலன்றி நஞ்சு வெளிப்படாது என்னும் கொள்கையும் அவர்தம் கண்ணை மறைத்தது. நோய் நிகழும் இடம் குடலாயிருக்க, வேறிடத்தில் நஞ்சைத் தேடியது வியப்பே.

தே செய்தது மிக எளிய செயல். முயலின் சிறுகுடலில் ஒரு கூற்றை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அக்குடற்கூறு அரிசி கழுநீர் போன்ற நீரால் விம்மி நின்றது. இவ்வாய்வு 1953-இல் வெளிவந்தது. கிருமிகளை வளர்த்த நீரை வடிகட்டி, கிருமி ஒன்றேனும் இல்லாதாக்கி, அவ்வடிநீரையே பின்னர் அவ்வாறு செலுத்தினார். அப்பொழுதும் குடல் விம்மியது. கொல்வது கிருமியின் உடலன்று, அது வெளியே உமிழும் நஞ்சே என்பது ஐயமற விளங்கிற்று. 1959-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அக்கட்டுரை அளவிற் சிறியது. அதன் பயனோ அளவிடற்கரியது.

நஞ்சு குடலின் உயிரணுவை எவ்வழியாகப் பற்றுகிறது என்பதைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். உயிரணுவின் மேலுறையில் ஜி.எம். 1 என்னும், சர்க்கரை பிணைந்த கொழுப்பு ஒன்று உளது. அதுவே இந்நஞ்சின் ஏற்பி என்பது 1970-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஏற்பிகள் பெரும்பாலும் புரதமாயிருக்க, இது கொழுப்பாய் அமைந்தமை குறிக்கத்தக்கது. இக்கொழுப்பு நோய்க்கென அமைந்ததன்று; நரம்பணுக்களிற் பயில்வது, நம் உடல் தன் நலத்துக்கே ஆக்கிக்கொள்வது. நஞ்சின் ஐந்து கூறுகள் வளையம் போற் கூடி இக்கொழுப்பைப் பற்றிக்கொள்ள, ஆறாவது கூறு உள்ளே நுழைந்து, உயிரணுவின் செய்திகளைக் கடத்தும் புரதம் ஒன்றை ஓயாது இயங்குமாறு திருத்திவிடுகிறது. அதனால் உப்பும் நீரும் குடலினுள் வெள்ளமெனப் பாய்கின்றன. கொடிய நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர் வரை இழத்தலும் உண்டு. இந்நஞ்சை ஆக்கும் மரபணுக்களும் கிருமிக்கு உரியன அல்ல, அதனைத் தொற்றும் வைரஸ் ஒன்று கொணர்ந்தவை என 1996-இல் அறியப்பட்டது. திருடனுக்குக் கருவி தந்தவன் வேறொருவன் போலும்!

நஞ்சு குடலை அழிப்பதில்லை. அதன் செயலை மட்டுமே திரிக்கிறது. ஆதலின் சர்க்கரையோடு உப்பை உட்கொள்ளும் ஆற்றல் குடலுக்குக் குன்றாது நிற்கிறது. 1971-இல் வங்க அகதிகளின் முகாமில் டாக்டர் திலீப் மஹலானவிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பருகத் தந்து எண்ணற்றோரைக் காத்தமைக்கு இவ்வியல்பே அடிப்படை.

இத்துணை பெருஞ்செயல் புரிந்தவரைத் தாய்நாடு போற்றியதோ எனின், அது நாம் நாணத்தக்க செய்தி. இந்நாட்டின் பெரிய அறிவியற் கழகங்கள் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்துகொள்ளவில்லை. அவரோ விளம்பரம் நாடாதவர்; பட்டம் பதவிகளுக்காக யாரையும் அடுத்தாரல்லர். 1973-இல் ஓய்வு பெற்றபின்னும் கல்கத்தாவின் போஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தம் பணியைத் தொடர்ந்தார். அமெரிக்கப் பேரறிஞர் ஜாஷுவா லெடர்பெர்க் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார், பரிசு கிட்டவில்லை. 1978-இல் நோபல் நிறுவனத்தார் வாந்திபேதி பற்றிக் கூட்டிய அறிஞர் அவைக்கு அவர் அழைக்கப்பெற்றார். 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அவர் மறைந்தார். 'கரண்ட் சயன்ஸ்' இதழ் அவர் பெயரால் ஒரு சிறப்பு மலர் வெளியிட்டது 1990-இல்.

அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1992-இல், நம் சென்னையில் வாந்திபேதிக் கிருமியின் புதிய வகையொன்று தோன்றி, வங்கம் வரை பரவியது. அதன் மேலுறை பழைய கிருமியினதினும் வேறுபட்டிருந்தமையால், முன்னர் நோயுற்றுத் தேறியவருக்கும் அது காப்பளிக்கவில்லை. அதன் நஞ்சோ, தே முயலின் குடலிற் கண்ட அதே நஞ்சுதான்.