'மெர்சரைஸ்டு காட்டன்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு நெசவாளி... யார் இந்த ஜான் மெர்சர்?

துணிக்கடையில் லேபிளைப் புரட்டும்போது 'மெர்சரைஸ்டு காட்டன்'னு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீங்க. சாதா காட்டனைவிட பளபளப்பா இருக்கும், சாயமும் நல்லா ஏறியிருக்கும். இந்த 'மெர்சரைஸ்டு' ஏதோ ரசாயனத்தின் பெயர்னு நினைச்சா, அது இல்லை. அது ஒரு மனிதரின் பெயர்.

தார் சுற்றிய சிறுவன்

ஜான் மெர்சர் 1791-ல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், கிரேட் ஹார்வுட் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்ததால், 9 வயதில் தார் சுற்றும் வேலைக்குப் போனார். பிறகு தறியில் உட்கார்ந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே 10 வயதில்தான்.

1807-ல் ஒரு நாள், அம்மாவின் மடியில் இருந்த குழந்தைத் தம்பி ஆரஞ்சு நிற உடுப்பு போட்டிருந்ததைப் பார்த்தார். அந்த நிறம் அவரை விடவில்லை. சாயம் போடக் கற்றே ஆகணும் என்று கிளம்பிவிட்டார். சொல்லித்தர ஆள் இல்லாததால், தானே கலந்து, தோய்த்துப் பார்த்து பழகினார்.

1814-ல் கல்யாணத்துக்கு உரிமம் வாங்கப் போன இடத்தில், பழைய புத்தகக் கடையில் ஒரு வேதியியல் கையேடு கிடைத்தது. அதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பிறகு ஆன்டிமனியிலிருந்து, காட்டன் துணியில் அச்சடிக்க ஏற்ற ஆரஞ்சு நிறத்தை உருவாக்கினார். 1818-ல் ஓக்கன்ஷா துணி அச்சு ஆலையில் வேதியியலாளராகச் சேர்ந்தார். 1825-ல் அதே நிறுவனத்தில் பங்குதாரர் ஆனார்.

வடிகட்டிய துணியில் கிடைத்தது என்ன?

1844-ல் கெட்டியான காஸ்டிக் சோடா கரைசலை ஒரு காட்டன் துணியில் வடிகட்டினார். வடிகட்டியதும், கரைசலைவிட துணிதான் அவர் கண்ணில் பட்டது. அது சுருங்கி, தடித்து, பாதி ஒளி ஊடுருவும்படி மாறியிருந்தது. சோதித்துப் பார்த்தால் துணி முன்பைவிட உறுதி. சாயமும் அதிகமாக ஏறியது.

காரணம் இதுதான். பருத்தி இழை, முறுக்கிய நாடா மாதிரி தட்டையாக இருக்கும். காஸ்டிக் சோடா பட்டதும் அது உப்பி உருண்டையாகிவிடும். உள்ளே இறுக்கமாக அடுக்கியிருக்கும் செல்லுலோஸ் மூலக்கூறுகள் தளர்ந்து, சாயம் நுழைய இடம் விடும்.

சாயம் ஏறலைன்னா சாயத்தை மாற்றுவதுதான் வழக்கம். இழையையே மாற்றலாம் என்று காட்டியதுதான் மெர்சரின் சாதனை. 1850-ல் காப்புரிமை பெற்றார். 1852-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

அப்புறம் ஏன் ஆலைகள் ஏற்கவில்லை?

துணி கிட்டத்தட்ட கால் பங்கு சுருங்கிவிடும். 100 மீட்டர் உள்ளே போனா, 75 முதல் 80 மீட்டர்தான் வெளியே வரும். காஸ்டிக் சோடா விலையும் அப்போ அதிகம். எந்த முதலாளி ஒப்புக்கொள்வார்? 1866-ல் மெர்சர் இறந்தபோதும் அவருடைய முறை பெரிய அளவில் புழக்கத்துக்கு வரவில்லை.

1890 வாக்கில் ஹொரேஸ் லோ என்பவர் ஒரே ஒரு மாற்றம் செய்தார். துணியை இழுத்துப் பிடித்தபடியே காஸ்டிக் சோடாவில் நனைத்து, அந்த இழுவையிலேயே அலசினார். சுருக்கம் நின்றது. கூடவே பட்டு மாதிரி பளபளப்பும் வந்தது. அதன் பிறகுதான் ஆலைகள் வரிசைகட்டின. அதைப் பார்க்க மெர்சர் இல்லை. பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்தது.

பாலியஸ்டருக்கும் அதே கேள்வி

மெர்சரின் ஊருக்குச் சில மைல் தூரத்தில் இருக்கிறது அக்ரிங்டன். 1941-ல் வின்ஃபீல்டு, டிக்சன் ஆகிய இருவரும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தது அங்கேதான். பாலியஸ்டர் தண்ணீரை ஒட்டவே விடாது. மூலக்கூறுகள் நெருக்கமாக இருப்பதால், டிஸ்பர்ஸ் சாயத்தை அழுத்தத்தில் சுமார் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதைச் சுலபமாக்க, இழை தயாரிக்கும்போதே சல்ஃபோனேட் தொகுதிகளைச் சேர்க்கிறார்கள். அப்படிச் செய்தால் கேட்டயானிக் சாயங்கள் நன்றாகப் பிடிக்கும். காஸ்டிக் சோடாவுக்கு இங்கேயும் வேலை உண்டு. பாலியஸ்டரின் மேற்பரப்பை லேசாக அரித்து, துணியை மென்மையாக்குகிறார்கள்.

இழை மாறினாலும் ரசாயனம் மாறினாலும், வழி அந்த நெசவாளி காட்டியதுதான்: சாயம் பிடிக்கலையா, முதலில் இழையைக் கவனி.